கனடாக் கமக்காரனின் முதல் மனைவி

பழைய ஜெர்மன் கையெழுத்தை எப்படி வாசிப்பது, எந்த ஊர்த் தேவாலயத்தின் பதிவுகள் எங்கே கிடக்கின்றன என்பதையெல்லாம் இந்தக் காப்பக வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை. ஒருவருடைய மூதாதையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, கண்டதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிவரும் அந்தச் சில நிமிஷங்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. எந்த அவுஸ்பில்டுங்கிலும், எந்தத் தொழிற்பயிற்சியிலும் அதைச் சொல்லித் தருவதில்லை.

இதை ஜெர்மனில் எழுதியிருந்தால் உங்களில் பலருக்கு வாசிக்கச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் இங்கே ஜெர்மனியில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். ஆனால் இதில் முக்கியமான பேச்செல்லாம் தமிழில் நடந்தது. அதை இன்னொரு மொழிக்கு மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய இலங்கைத் தமிழ்ச் சனத்தில் நானும் ஒருத்தி. மொழி படித்து, தொழில் படித்து, ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு தேவாலயக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞானஸ்நானம், திருமணம், மரணம் என்று பாதிரிமார் நூற்றாண்டுக் கணக்காக எழுதிவைத்த பதிவுகளைத் தேடி, வாசித்து, கேட்டு வந்தவர்களுக்குச் சொல்வது என் வேலை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன்.

உலகக் கிண்ணக் காற்பந்து ஜெர்மனியில் நடந்த வருஷம். வீதியில் ஓடுகிற கார்களிலெல்லாம் கொடி கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் மொன்றியலிலிருந்து ஒரு பெண் காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் தொடங்கியவள், என் பெயரைக் கேட்டதும் நிறுத்தினாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"அம்மாளே! நான் வதனி. என்ரை மாமாவுக்காகத்தான் எடுத்தனான்."

அவள் மாமா என்றது கணவனின் தகப்பனை. கணவன் பிரெஞ்சு பேசும் கனடியன். மாமனார் ஷலோர்ன், செயின்ட் லோரன்ஸ் ஆற்றங்கரையில் மாடு வளர்த்துப் பால் விற்கும் கமக்காரர். அவருடைய குடும்பம் இருநூறு வருஷத்துக்கும் மேலாக அதே காணியில் கமம் செய்கிறது. அந்தக் காணியில் முதன்முதலாக மரம் வெட்டிக் காடழித்தவர் ழான் ஷலோர்ன். அவர் பிறப்பால் பிரெஞ்சுக்காரர் அல்ல. யொஹான் ஷெல்ஹோர்ன் என்ற ஹெஸ்ஸன்காரர். அமெரிக்கர்கள் இங்கிலாந்துக்கு எதிராகக் கிளம்பிய காலத்தில், இங்கிலாந்து அரசனுக்கு இங்குள்ள சிற்றரசர்கள் ஆயிரக்கணக்கில் படையாட்களை வாடகைக்கு அனுப்பினார்கள். அப்படிக் கப்பலேறிப் போனவர்களில் ஒருவர். போர் முடிந்தபின் திரும்பாமல் அங்கேயே தங்கி, கத்தோலிக்கராக மாறி, ஒரு பிரெஞ்சுக் கமக்காரன் மகளைக் கட்டினார்.

"மாமாவையளின்ரை குடும்பத்திலை ஒரு கதை இருக்கக்கா. அவர் ஆருமில்லாத அநாதையாம். தாய் தேப்பன் இல்லை, ஊரிலை அழுறதுக்கும் ஆளில்லையாம். அதைக் கல்லிலை வெட்டிக் காணி வாசலிலை வைக்கப்போறார். அதுக்கு முதல் பிறந்த ஊரை ஒருக்காப் பாக்க வேணுமாம்."

பிறந்த ஊரையும் ஞானஸ்நானப் பதிவையும் நான் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் பயணச்சீட்டும் எடுத்துவிட்டார்கள். வருகிற வழியில் இங்கே ஜெர்மனியில் இருக்கிற ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் தேரையும் பார்த்துவிட்டு வருவதாக வதனி சொன்னாள்.

அவர்கள் வருகிற நாள் காலையில், கல்லில் வெட்டப்போகும் கதை சரிதானா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்து, பெற்றோரின் மரணப் பதிவைத் தேடினேன். படை புறப்பட்ட வருஷத்துக்கு முந்திய மரணங்களில் தகப்பன் பெயர் இல்லை. தாயின் பெயரும் இல்லை. இருவரும் மகன் போய்ப் பல வருஷங்கள் கழித்துத்தான் இறந்திருந்தார்கள். அநாதைக் கதை அங்கேயே உடைந்தது. சரி, படையாள் ஒரு பொய் சொல்லியிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டு, பழக்கத்தில் திருமணப் பதிவுகளையும் ஓட்டிப் பார்த்தேன்.

அங்கே அவர் இருந்தார். யொஹான் ஷெல்ஹோர்ன், அதே ஊர், அதே தகப்பன். மணமகள் அன்னா கத்தரீனா. படை புறப்படுவதற்கு முந்திய வருஷம்.

மைக்ரோஃபிலிம் சுருளை மேலும் சுற்றினேன். அடுத்த வருஷத்து ஞானஸ்நானங்களுக்குப் போனேன். ஒரு பெண் குழந்தை, எலிசபெத். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் பாதிரியார், 'படையோடு அமெரிக்கா போயிருக்கிறான்' என்று எழுதியிருந்தார்.

எனக்கு வேலை பழக்கிய மூத்தவர் எதிர் மேசையில் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். நான் எழும்பி நின்றதைப் பார்த்து அவரே வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"இன்றைக்கு எத்தனை மணிக்கு வருகிறார்கள்?"

"பத்துக்கு. இதை எப்படிச் சொல்வது? பிறப்பை மட்டும் காட்டி அனுப்பிவிடவா? அவர்கள் கேட்டது அதைத்தான்."

அவர் நிமிர்ந்தார். "பாதியைக் காட்டினால் மீதியை அவர்கள் என்றைக்கோ ஒருநாள் தனியாக இருந்து கண்டுபிடிப்பார்கள். அப்போது நீ பக்கத்தில் இருக்கமாட்டாய். முழுவதையும் காட்டு. மேசையில் கோப்பி வைக்காதே, தண்ணீர் வை. கோப்பி கொண்டாட்டத்துக்கு வருகிறவர்களுக்கு."

பத்து மணிக்குள் அந்த மனைவியின் மரணப் பதிவையும், ஊர்க் குடும்பப் புத்தகத்தில் மகளின் வம்சத்தையும் தேடி எடுத்துவிட்டேன். வாசிப்பறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் அவர்களை உட்காரவைத்தேன். ஷலோர்ன் எழுபது கடந்தவர். அகன்ற தோள், இறுக்கமான புதுக் கோட்டு. வதனிக்கு இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். தேரில் பூசிய விபூதி அவள் நெற்றியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அவருக்கு பிரெஞ்சும் சுமாரான ஆங்கிலமும்தான் தெரியும். ஆகவே நான் வதனிக்குத் தமிழில் சொல்வது, அவள் அவருக்கு பிரெஞ்சில் சொல்வது என்று முடிவாயிற்று. அதைவிடச் சுகமான ஏற்பாடு கிடையாது என்று நினைத்தேன்.

ஞானஸ்நானப் பதிவைக் காட்டினேன். அவர் அந்தப் பெயரின் மேல் சுட்டுவிரலை வைத்தார். தாய் தகப்பன் உயிரோடு இருந்ததைச் சொன்னேன். வதனி மொழிபெயர்த்ததும் அவர் உரக்கச் சிரித்தார். 'கள்ளன்' என்பது போல ஏதோ சொன்னார். பிறகு நான் திருமணப் பதிவை எடுத்தேன்.

"வதனி, அவர் இஞ்சையிருந்து போகேக்கை அவருக்குக் கலியாணம் முடிஞ்சிருந்தது. மனுசி அப்ப பிள்ளைத்தாச்சி."

வதனி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பிரெஞ்சுச் சொல் ஏதோ அகப்படவில்லையாக்கும் என்று நினைத்து நான் தொடர்ந்தேன். பெண் குழந்தை பிறந்ததைச் சொன்னேன். மனைவி கடைசிவரை வேறு கலியாணம் செய்யவில்லை என்பதைச் சொன்னேன். அவளை அடக்கம் செய்த அன்று பாதிரியார் எழுதிய வரியையும் வாசித்தேன். 'கணவன் அமெரிக்காவில். உயிரோடிருக்கிறானா என்பது தெரியாது.'

"அக்கா, நிப்பாட்டுங்கோ!"

கத்தினாள். வாசிப்பறையில் இருந்தவர்கள் கண்ணாடிக்கு அப்பாலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இதை நான் அவருக்குச் சொல்ல மாட்டன். என்னாலை ஏலாது. இது என்ரை அம்மாவின்ரை கதை."

அவள் சொன்னாள். தகப்பன் அவளுடைய நாலாவது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர். ஷோனெஃபெல்டுக்கு வந்து, ஹெஸ்ஸனில் ஒரு அகதி விடுதியிலிருந்து கடிதம் போட்டவர். இரண்டு வருஷம்போலக் கடிதம் வந்தது. பிறகு இல்லை. தாய் விதவையா சுமங்கலியா என்று ஊருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. தாய்வழிச் சித்தப்பன் ஒருவர் இருவரையும் மொன்றியலுக்கு எடுத்தார்.

"மாமாவின்ரை ஆள் ஹெஸ்ஸன்காரர் எண்டு கேட்டவுடனைதான் நானும் கூட வாறன் எண்டு வெளிக்கிட்டனான். தேருக்குப் போனதும் கும்பிடுறதுக்கு மட்டுமில்லை. அப்பாவின்ரை படத்தை வைச்சுக்கொண்டு சனத்திட்டைக் காட்டிக் காட்டித் திரிஞ்சனான். ஆருக்கும் தெரியேல்லை."

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். எங்களிடம் கேட்டு வருகிறவரைப் பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் பேசுவோம். அவர் தாங்குவாரா, அழுவாரா என்று அவரையே அளந்துகொண்டிருப்போம். கூட வந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. எத்தனையோ தடவை நாங்கள் வாசிப்பது போய் விழுவது அவர் தலையில்தான். அன்றைக்குப் பிறகு நான் எந்த டெர்மினிலும், எந்தச் சந்திப்பிலும் முதலில் பார்த்தது துணைக்கு வந்தவரின் முகத்தை.

ஷலோர்ன் மருமகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "என் ஆள் கொலை செய்தவனா?"

"இல்லை, ஐயா."

"அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள்."

என் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மொழியில் அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஐந்தாறு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் எழும்பிச் சன்னலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இறுக்கமான கோட்டு முதுகில் ஏறி ஏறி இறங்கியது.

"கோயிலில் பொய் சொல்லிக் கட்டியிருக்கிறான். அப்போ எங்கள் ஆட்கள் எல்லாரும்..." அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்பினார்.

"அந்தப் பெண் குழந்தை? செத்துவிட்டதா?"

"இல்லை. வளர்ந்து, கலியாணம் செய்து, பிள்ளை பெற்றிருக்கிறாள். அந்த வம்சம் இப்போதும் அதே ஊரில் இருக்கிறது."

"நான் போக வேண்டும்," என்றார்.

அடுத்த நாள் மூவரும் அந்த ஊருக்குப் போனோம். முதல்நாளே நான் தொலைபேசியில் பேசியிருந்தேன். எலிசபெத்தின் வழியில் வந்த றொஸ்விதா என்று ஒரு பெண், அறுபது வயதிருக்கும். அவளும் மாடு வளர்க்கிறவள்தான். இறப்பர்ச் சப்பாத்தோடு தொழுவத்திலிருந்து வந்து, கை கொடுக்காமல் நின்றாள்.

"எங்கள் வீட்டுக்கு ஊரில் என்ன பெயர் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள். "அமெரிக்கன் வீடு. யாரோ ஒரு கிழவன் அமெரிக்கா போய்ப் பணம் சேர்த்துக்கொண்டு வந்து கட்டினான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நேற்று நீ சொன்ன பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. போனவன் பெயரை வைத்து ஊர் அன்னா கத்தரீனாவை நக்கல் அடித்திருக்கிறது. நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்."

ஷலோர்னுக்கு இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். அந்த முற்றத்தில், சாணி மணத்துக்கு நடுவில், வழுக்கைத் தலையைக் குனிந்துகொண்டு பிரெஞ்சில் ஒரேயொரு சொல் சொன்னார். அதற்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. றொஸ்விதா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"நீ ஏன் மன்னிப்புக் கேட்கிறாய்? நீ என்ன செய்தாய்?" என்றாள். பிறகு, "எத்தனை மாடு?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் தொழுவத்துக்குள் போனார்கள். மாட்டுக்கு மொழி பெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை. வதனி மட்டும் முற்றத்திலேயே நின்று அவர்கள் போன வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகையில் ஷலோர்ன் கார் ஓட்டினார். நாங்கள் இருவரும் பின்னுக்கு இருந்தோம். வதனி கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தாள்.

"அக்கா, நீங்கள் கனகாலம் இஞ்சை இருக்கிறியள். ஒருக்காப் பாருங்கோ."

மெல்லிய ஆள், அடர்ந்த மீசை. கையில் குழந்தை. பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. மீசை இப்போது இல்லை, உடம்பு வைத்துவிட்டது. ஆனால் இடதுபக்கம் கொஞ்சம் கோணிச் சிரிக்கிற அந்த வாய் மாறவில்லை. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறவர். ராசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய உணவகம் ஒன்றில் சமையல்காரர். அவருடைய மனைவி எனக்கு நெருங்கிய சினேகிதி. இரண்டு பெடியன்கள். அவர்களின் பிறந்தநாள்களுக்கு நான் கேக் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். 'அவருக்கு ஊரிலை ஒருத்தருமில்லை, எல்லாரையும் சண்டை கொண்டு போட்டுது' என்று அவள் எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

படத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இது பழைய படம், வதனி. எனக்கு ரெண்டு நாள் தாங்கோ."

பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை 'சரியக்கா' என்று படத்தைப் பத்திரமாக உள்ளே வைத்தாள். அப்போது என் முகத்தில் எதையும் காட்டாமல் இருந்ததுதான் என் முழு வேலைக்காலத்திலும் நான் செய்த கடினமான காரியம்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இறந்தவர்களைக் கண்டுபிடித்தால் யாருக்கும் சொல்லலாம். உயிரோடிருக்கிறவரைக் கண்டுபிடித்தால், முதலில் போய்க் கேட்க வேண்டியது அவரைத்தான். அது சட்டம். ஆனால் அன்றைக்கு நான் சட்டத்தை நினைக்கவில்லை. என் சினேகிதியை நினைத்தேன். அந்தப் பெடியன்களை நினைத்தேன். தெருவில் வைத்து ஒரு பெண் ஓடிப்போய் அந்த மனிதரின் கையைப் பிடித்தால் நாலு வீட்டுக் கூரை ஒரேயடியாக விழும் என்று நினைத்தேன்.

மத்தியானச் சமையல் முடிந்து பின்னேரச் சமையல் தொடங்குவதற்கு முன்னான இடைவெளியில் உணவகத்தின் பின்பக்கம் போனேன். ராசன் கவிழ்த்துவைத்த பெட்டியின் மேல் இருந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்னக்கா, இந்தப் பக்கம்?"

"ராசன், வதனி எண்டு ஆரையும் தெரியுமோ?"

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, கண்மட்டும் மாறிவிட்டது. சிகரெட் விரலைச் சுடும்வரை அவர் அதைப் போடவில்லை.

"அவை... ஷெல் விழுந்து செத்துப்போட்டினமெண்டு ஊரிலையிருந்து வந்தவன் ஒருத்தன் சொன்னவன்."

"நீங்கள் விசாரிச்சுப் பாத்தனீங்களோ?"

உள்ளே யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம்.

"இல்லையக்கா. விசாரிக்கப் பயமாக் கிடந்தது. செத்திருந்தாலும் பயம், இருந்தாலும் பயம். அதுக்குள்ளை இஞ்சை இவவும் வந்திட்டா." பிறகு, "தாய்? தாயும் இருக்கிறாவோ?" என்றார்.

"இருக்கிறா. மகள் இப்ப இந்த ஊரிலைதான் நிக்கிறா. நீங்கள் எங்கை இருக்கிறியள் எண்டு நான் சொல்லேல்லை. நீங்கள் ஓம் எண்டால்தான் சொல்லுவன்."

அவர் தலையை ஆட்டினார். "ஏலாதக்கா. அவவின்ரை முகத்தைப் பாக்க என்னாலை ஏலாது. தனியவே வந்தவ?"

"இல்லை, மாமனாரோடை. வெள்ளைக்காரர். கனடாவிலை கமக்காரர்."

"சம்பந்தியோ?"

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து தானாகவே வந்தது. வந்த பிறகு அவரே அதைக் கேட்டுத் திடுக்கிட்டது போல இருந்தார். நாலு வயதில் விட்டுவந்த மகளின் மாமனார், கண்டிராத மருமகனின் தகப்பன். அந்த முறை இருபது வருஷம் கழித்து, ஒரு உணவகத்தின் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது.

"சம்பந்தி வந்து நிக்கேக்கை நான் ஒளிச்சுக்கொண்டு இருக்கேலாது. அவரை மட்டும் சந்திக்கிறன். அவரை மட்டும்."

வதனியிடம் போய், "உயிரோடை இருக்கிறார். இப்ப உங்களைப் பாக்கத் துணிவில்லையாம். மாமாவை என்ரை வீட்டிலை சந்திக்கிறாராம்" என்றேன். அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. தானும் வந்து என் குசினிக்குள் சத்தமில்லாமல் இருப்பதாகக் கெஞ்சினாள். நான் விடவில்லை. கொடுத்த வாக்கு என்றால் வாக்குத்தான். வீட்டுக்கு முன்னால் இருக்கிற பூங்காவில் அவளை இருக்கச் சொன்னேன்.

ராசன் முகம் மழித்து, கலியாணத்துக்குப் போகிறவர் மாதிரி உடுத்துக்கொண்டு, தமிழ்க் கடையில் வாங்கிய ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். ஷலோர்ன் எழும்பிக் கை கொடுத்தார். ராசன் மாம்பழப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஷலோர்ன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அப்படித்தான் போயிற்று.

"நான் உங்களைத் திட்ட வரவில்லை," என்றார் ஷலோர்ன். "எனக்கு அந்த உரிமை கிடையாது. நான் உங்களைப் போன்ற ஒருவனின் இரண்டாம் பெண்சாதி வழியில் வந்தவன். அவன் காடு வெட்டிய காணியில்தான் இன்றுவரைக்கும் சாப்பிடுகிறேன். அவனை நான் வெறுக்க முடியாது. வெறுத்தால் என்னையே வெறுக்க வேண்டும்."

ராசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனால் இந்தக் கிழமை நான் முதல் பெண்சாதியின் வீட்டு முற்றத்தில் நின்றேன். அவள் ஒரேயொரு கேள்வியோடு செத்திருக்கிறாள். இருக்கிறானா இல்லையா. என் ஆளிடம் அதைக் கேட்க யாராலும் முடியவில்லை, நடுவில் கடல் இருந்தது. உங்களிடம் கேட்கலாம். அவள் எதிரே பூங்காவில் இருக்கிறாள்."

கடைசி வாக்கியத்தையும் மொழிபெயர்த்தேன். வதனி பக்கத்தில் இருப்பதை அவரிடம் சொல்வதாக எங்களுக்குள் பேச்சே இல்லை. கிழவர் தானாகவே சொல்லிவிட்டார். ராசன் எழும்பி ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழும்பினார். சன்னல் சீலையை விலக்கிக் கீழே பார்த்தார். பூங்காவின் மரவாங்கில் தனியாக இருந்த பெண்ணை எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது.

"வரச்சொல்லுங்கோ அக்கா," என்றார்.

வதனி உள்ளே வந்து கதவோடு நின்றாள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. இருவரும் ஒரே மாதிரி, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"அம்மா சுகமோ?" என்றார் அவர்.

"ஓம்."

ஷலோர்ன் மாம்பழப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வதனிதான் பேசினாள். கோபமில்லை, அழுகையில்லை. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்கிற மாதிரியான குரல்.

"பன்னிரண்டு வயசிலையிருந்து நான் ஆடி அமாவாசை பிடிக்கிறன்."

ராசன் ஒரு கையால் சுவரைப் பிடித்தார். தகப்பன் செத்தவர்கள் பிடிக்கிற விரதம் அது. தகப்பன் உயிரோடிருக்கிற பிள்ளை அதைப் பிடிப்பதில்லை.

"அடுத்த மாதம் வருது. இந்த முறை பிடிக்கவோ, விடவோ? அதை மட்டும் சொல்லுங்கோ, அப்பா."

அவர் சொல்லவில்லை. சொல்ல முயன்றார், வாய் கோணியது. அவளைக் கடந்து, படியில் தடுமாறி இறங்கிப் போய்விட்டார். வதனி அதே இடத்தில் நின்றாள். ஷலோர்ன் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்து அவளுடைய தலையில் கை வைத்தார்.

அவர்கள் கனடாவுக்குத் திரும்பிவிட்டார்கள். போகுமுன் வதனி எழுதித் தந்த தொலைபேசி எண்ணை ராசனிடம் சேர்த்துவிட்டேன். நான் சொன்ன உண்மையால் எல்லாருக்கும் நல்லது நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ராசன் வீட்டில் தானாகவே சொல்லியிருக்கிறார். ஒரு கிழமைக்குள் என் சினேகிதி என் வாசலில் வந்து நின்றாள். "உமக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள். சொன்னேன். "என்னட்டை ஏன் வரேல்லை?" என்றாள். அதற்கு என்னிடம் இருந்தது காப்பக விதிதான், பதில் இல்லை. பல வருஷம் அவள் என்னோடு கதைக்கவில்லை. இந்த வேலையில் அதுவும் வரும். வந்தால் அவர்களின் கோபத்தைக் குறைக்கப் போகாதீர்கள். அது அவர்களுக்குரியது.

ஆடி மாதம், ஒரு மத்தியானம், காப்பகத்தில் தொலைபேசி அடித்தது. மொன்றியலில் அப்போதுதான் விடிந்திருக்கும்.

"அக்கா, நான் வதனி. மாமா கல்லிலை வெட்டுறதுக்குப் பேரை எழுதித் தந்திட்டார். முதலாவதா அன்னா கத்தரீனா, பிறகு மகள் எலிசபெத், அதுக்குப் பிறகுதான் தங்கடை ஆக்களாம். எழுத்துச் சரியோ எண்டு நீங்கள் ஒருக்காப் பாக்க வேணுமாம்."

"அனுப்புங்கோ, பாக்கிறன்."

"இன்னொண்டு அக்கா." நிறுத்தினாள். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. தாயாக இருக்க வேண்டும். "இண்டைக்கு அமாவாசை. நான் விரதத்துக்கு முழுகிப்போட்டு நிண்டனான். விடியக்காத்தாலை ஒரு போன் வந்தது. பேர் சொல்லேல்லை. சாப்பிட்டியோ எண்டு மட்டும் கேட்டவர்."

எதிர் மேசையில் மூத்தவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இனித்தான் எண்டன். வைச்சிட்டார்." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இப்பதான் அக்கா, ரெண்டு பாண் துண்டு சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடிச்சிட்டு உங்களுக்கு எடுக்கிறன்."